இருபத்திரண்டு பாடம், ஒரே பத்தி

அவளுக்கு அமெரிக்காவிலிருந்து மெஷின் வந்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. வார்டன் கேட்டதற்கு வயிற்று வலி என்றேன். வயிற்றில் ஏதோ எரிந்தது உண்மைதான். அதற்கு மாத்திரை கிடையாது என்று எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் இருவருக்கும் கண் தெரியாது. ஏழு வயதில் ஒரே விடுதிப் பள்ளியில் சேர்ந்தோம். ஒரே பெஞ்சு, ஒரே சோப்பு டப்பா, வகுப்பில் முதல் இரண்டு இடமும் எங்களுக்கே. முதல் இடம் பெரும்பாலும் எனக்கு, அதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவள் சித்தூர்க்காரி, அவள் நைனாவுக்கு வெல்ல மண்டி இருந்தது. நான் நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் நைனா அடுத்தவர் பவர்லூமில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளியில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே இரும்புச் சிலேட்டு, ஒரே குத்தூசி, ஒரே தடித்த தாள். யார் குத்தினாலும் பிரெயில் புள்ளி ஒரே உயரம்தான் எழும்பியது.

திருப்பதியில் ஆங்கில வழியில் எம்.ஏ. சரித்திரம் சேர்ந்தபோதும் சமமாகத்தான் இருந்தோம். பிறகு அவள் அண்ணன் அமெரிக்கா போனான். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் பயந்து, இங்கே தெருத்தெருவாக ஆள் எடுத்த சமயம் அது. எங்கள் ஊர்ப் பையன்களும் வெளியே போனார்கள். நாயுடுபேட்டை வரைக்கும் போனார்கள், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார்கள். அவள் அண்ணன் போய் ஆறாவது மாதத்தில் யாரிடமோ மெஷினைக் கொடுத்தனுப்பினான்.

தடித்த பைபிள் அளவு இருந்தது அது. திரை கிடையாது. மேலே ஏழே ஏழு விசை, பிரெயிலின் ஆறு புள்ளிக்கு ஆறும் இடைவெளிக்கு ஒன்றும். நாம் பிரெயிலில் அழுத்தினால் உள்ளே எழுத்தாகச் சேமித்துக்கொள்ளும். கேட்டால் சளி பிடித்த வெள்ளைக்காரன் குரலில் ஆங்கிலத்தில் படித்துக் காட்டும். எண்டருக்கும், அடுத்த வரி, அடுத்த வாக்கியம், அடுத்த பத்தி என்று தாவுவதற்கும் இதே விசைகளைச் சேர்த்து அழுத்தும் தனித்தனி அழுத்தல்கள் உண்டு. காதில் இயர்போன் குழாயை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமே வராது.

"தொட்டுப் பாருமே," என்று அவள் அதை என் மடியில் வைத்தாள்.

"இன்னாத்துக்கு, ஒடஞ்சா உங்க அண்ணன் என்னெத் தான் கேப்பாரு," என்று சொல்லிவிட்டு, விரலால் ஒவ்வொரு விசையாகத் தடவினேன். ஏழும் வழுவழுவென்று இருந்தன. என் வீட்டில் அவ்வளவு வழுவழுப்பான பொருள் எதுவும் இருந்ததில்லை.

அதுவரை வகுப்பில் நாங்கள் இருவரும் சிலேட்டில்தான் குறிப்பெடுத்தோம். தாளை இரும்புச் சட்டத்தில் மாட்டி ஊசியால் குத்த வேண்டும். டக் டக் என்று சத்தம் வரும். இரண்டு பேர் குத்தியபோது வாத்தியார் பொறுத்துக்கொண்டார். அவள் நிறுத்தி நான் மட்டும் குத்தியபோதுதான் அவருக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்க வேண்டும். "அம்மா, கொஞ்சம் வெனக்க கூச்சோ," என்றார் தெலுங்கில். நான் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனேன். அவள் முதல் பெஞ்சிலேயே இருந்தாள். அன்றைக்கு என் ஊசி தாளைக் கிழித்துக்கொண்டு மரத்தில் இறங்கியது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் அப்படியில்லை. வகுப்பு முடிந்ததும் தன் குறிப்பை மெஷினில் ஓட்டி எனக்குக் காட்டுவாள். ஒரு குழாயை என் காதிலும் ஒரு குழாயைத் தன் காதிலும் மாட்டிக்கொள்வோம். வாத்தியார் சொன்ன இடம் எது என்று கேட்டால் நான்கு தடவை தாவி எடுத்துவிடுவாள். நான் அதே இடத்தை, வகுப்பில் பதிவு செய்த கேசட்டில் தேட, முன்னும் பின்னும் ஓட்டி, அரை மணி நேரம் ஆகும். அவள் உதவும் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் ஒரு பிடி கூடியது.

எனக்குக் கை கொடுத்தது நூலகத்துக் கம்ப்யூட்டர். அந்த வருடம் ஒரு மூலையில் ஒன்றை வைத்து, அதில் பேசும் மென்பொருளின் இலவச நகலைப் போட்டார்கள். நாற்பது நிமிடம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டால் மறுபடி நாற்பது நிமிடம். நான் ஒரு நாளைக்கு ஆறு முறை அணைத்துப் போட்டேன். அவள் மெஷினில் செய்வதையெல்லாம் இதில் செய்துவிட வேண்டும் என்று வெறி. மூன்று மாதத்தில் அந்த நூலகத்தில் கண் தெரிந்தவர்களே ஃபைல் காணவில்லை என்றால் என்னைத் தேடி வந்தார்கள். அவளுக்குக் கம்ப்யூட்டர் வராது. மெஷினையும் கம்ப்யூட்டரையும் கம்பியால் இணைத்து ஃபைலை ஏற்றி இறக்குவதற்கு அவளும் என்னிடம்தான் வந்தாள். அவள் கேட்கும் வரை நானாக எழுந்திருக்க மாட்டேன்.

முதல் முறை அவள் கட்டுரையை இறக்கி அச்செடுத்துக் கொடுத்தபோது வாத்தியார் சிரித்தார். ஒவ்வொரு வரியும் பாதித் தாளோடு நின்றுவிட்டதாம். காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சிலேட்டில் ஒரு வரிக்கு முப்பது கட்டம். முப்பது ஆனதும் கை தானாக அடுத்த வரிக்குப் போகும். பதினைந்து வருடப் பழக்கம், எண்ண வேண்டியதே இல்லை. மெஷினில் வரிக்கு எல்லை கிடையாது. நாம்பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகலாம், பத்தி முடிந்தால்தான் எண்டர் அழுத்த வேண்டும். ஆனால் அவள் விரல் முப்பதுக்கு ஒரு தரம் எண்டரை அழுத்திக்கொண்டே இருந்தது. அந்த வெள்ளைக்காரக் குரலும் ஒவ்வொரு முப்பதுக்கும் பத்தி முடிந்ததாக நினைத்துக்கொண்டது. அவள் வெட்கப்பட்டாள். எனக்கு அன்று இரவுச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

எதிர்த் திசையிலும் இதே தொல்லை. பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ஓர் அக்கா குறிப்புகளைத் தட்டச்சு செய்து ஃப்ளாப்பியில் தருவார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் செய்தவர். டைப்ரைட்டரில் மணி அடித்ததும் வண்டியைத் தள்ளி அடுத்த வரிக்கு வந்து பழகிய கை. கம்ப்யூட்டரில் மணியும் இல்லை, வண்டியும் இல்லை. அவர் கைக்கு மட்டும் மணி அடித்தது. ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஓர் எண்டர் தட்டினார்.

எனக்கு அது பிரச்சினையே இல்லை. கம்ப்யூட்டரில் கீழ் அம்பை அழுத்த அழுத்த வரிவரியாகப் படிக்கும். அவள் மெஷினுக்கு ஏற்றினால்தான் வம்பு. ஒவ்வொரு வரியையும் ஒரு பத்தி என்று எடுத்துக்கொண்டு நின்று நின்று போகும். போதாக்குறைக்கு, கம்ப்யூட்டர் வரி முடிவில் இரண்டு குறிகளை வைக்கிறது, மெஷினுக்கு ஒன்றுதான் தெரியும். தெரியாத இரண்டாவது குறியை அது 'கண்ட்ரோல் ஜே' என்று வாய்விட்டுச் சொன்னது. சோழர் காலத்து நில வரி கண்ட்ரோல் ஜே, ஆறில் ஒரு பங்கு கண்ட்ரோல் ஜே என்று பாடம் முழுக்க ஓடியது. அவள் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள், இரண்டாம் நாள் தலைவலி என்றாள்.

அதற்கு வழி கண்டுபிடித்தது நான். யாரும் சொல்லித் தரவில்லை, அவள் அண்ணனும் இல்லை. அந்த அக்கா பத்திக்குப் பத்தி ஒரு வெற்று வரி விடுவார், அதாவது அங்கே இரண்டு எண்டர் சேர்ந்து இருக்கும். முதலில் அந்த ஜோடிகளையெல்லாம் மூன்று நட்சத்திரமாக மாற்ற வேண்டும். அடுத்து, மிச்சமிருக்கும் ஒற்றை எண்டர்களை எடுத்துவிட்டு வெறும் இடைவெளி போட வேண்டும். கடைசியில் நட்சத்திரங்களை மறுபடி எண்டராக்க வேண்டும். அப்புறம் மெஷின் கேட்கிற ஒற்றைக் குறியோடு ஏற்றினால் பத்தி பத்தியாக அழகாகத் தாவும். வரிசை மாறக் கூடாது. நட்சத்திரம் போடாமல் எண்டர்களை எடுத்துவிட்டால் பத்திகளும் சேர்ந்து போய்விடும், முழுப் புத்தகமும் ஒரே பத்தியாக உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த வருடம் முழுக்க அவளுக்காக எத்தனையோ ஃபைல்களை இப்படிச் சுத்தம் செய்தேன். ஒன்றில்கூட வரிசை மாறவில்லை.

எம்.ஏ. முடித்த கையோடு ஜூனியர் லெக்சரர் தேர்வு அறிவித்தார்கள். சரித்திரத்தில், பார்வையற்றவர்களுக்கென்று எங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஓர் இடம். எனக்குத் தெரிந்து போட்டிக்கு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, தறிச் சத்தத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுக்க வேண்டும். அவளுக்குக் கிடைக்காவிட்டால் வெல்ல மண்டி இருக்கிறது, அமெரிக்கா இருக்கிறது. நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அவளுக்கும் ஒரு வேலை வேண்டியிருக்கும், தன் காலில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியரின் குறிப்பு அவள் நைனா மூலம் கிடைத்தது. இருபத்திரண்டு பாடம். இந்தத் தேர்வுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் நைனாவே அதை ஜெராக்ஸ் கடை அக்காவிடம் கொடுத்து முழுவதும் தட்டச்சு செய்ய வைத்தார். ஃப்ளாப்பி வந்ததும் அவள் நேராக என்னிடம் கொண்டுவந்தாள்.

"உனுக்கு ஒரு காப்பி எட்த்துக்கோ. எனுக்கு மெஷின்ல ஏத்திக் குடு," என்றாள்.

தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. அவள் சித்தூருக்குப் போய் வீட்டிலிருந்து படிப்பதாக ஏற்பாடு. நான் திருப்பதியிலேயே விடுதியில் தங்கி, நூலகத்துக் கம்ப்யூட்டரில் படிப்பதாக இருந்தேன். அவள் கிளம்பும் நாள் காலையில் துறைத் தலைவர் எங்கள் இருவரையும் வராண்டாவில் பார்த்தார். அவள் தோளைத் தட்டி, "இந்தப் போஸ்ட் உனக்குத்தான்மா, சந்தேகமே வேணாம்," என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடமும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். செருப்புச் சத்தம் தூரமாகப் போய்விட்டது.

அந்தச் சத்தத்தோடுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெளியே அவள் நைனா ஜீப்போடு காத்திருந்தார், இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டார். அவள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பேசும் மென்பொருள் எந்த நிமிடமும் நின்றுவிடும். நான் ஃபைலைத் திறந்தேன். எண்டர்களையெல்லாம் எடுத்து இடைவெளி போட்டேன். சேமித்தேன். அடுத்த பத்திக்குத் தாவிப் பார்த்தேன். ஃபைலின் கடைசிக்குப் போய் நின்றது.

நட்சத்திரம் போட மறந்திருந்தேன். அதுவரை நடந்தது தவறுதான், அதை நான் யார் முன்னாலும் சொல்வேன். மனசு எங்கேயோ இருந்தது, வரிசை மாறிவிட்டது. ஃப்ளாப்பியில் மூலம் பத்திரமாக இருந்தது. அணைத்துப் போட்டு மறுபடி செய்தால் கால் மணி நேரம் ஆகும். ஜீப் கால் மணி நேரம் நிற்காதா?

"முட்ஞ்சிதாமே?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"முட்ஞ்சிது," என்றேன்.

கம்பியைச் செருகி ஏற்றிக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "ஒழுங்கா துன்னு, சும்மா இங்கியே குந்திக்கினு இருக்காத," என்று சொல்லிப் போனாள். ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டது. எனக்கு அப்போது வருத்தம் இருந்ததா என்று பல முறை யோசித்திருக்கிறேன். இல்லை. மனசு லேசாக இருந்தது.

நான்காம் நாள் விடுதிக்குப் போன் வந்தது. வார்டன் அறையில் நின்று பேசினேன், சுற்றிலும் ஆட்கள்.

"ஏமே, ஃபைல்ல பத்தியே காணமே," என்றாள். "பத்தி அழுத்துனா நேரா கடைசிக்குப் பூடுது. திருப்பி அழுத்துனா முதல் வரிக்கு வந்துடுது. பாடம் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, ஒண்ணும் தெரியல."

"வார்த்தயப் போட்டுத் தேடிப் பாரு."

"தேடுனேன். டாக்ஸுன்னு தேடுனா முந்நூறு எடத்துல நிக்குது. நீ ஏத்துனப்போ சரியாதான இருந்துச்சு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவசரத்தில் தப்பு நடந்துவிட்டது, மெஷினை பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பு, சாயங்காலத்துக்குள் சரிசெய்து தருகிறேன் என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வாயும் திறந்தேன்.

"இங்க நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன். "உன் மெஷின் கோளாறா இருக்கும். உங்க அண்ணனக் கேளு, அங்க அனுப்பி ரிப்பேர் பண்ணணுமோ என்னமோ."

மண்டியில் யாரோ ஏலம் கூவுவது போனில் கேட்டது.

"சரி வுடு. நான் பாத்துக்கறேன்," என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தேர்வு வரை அவளிடமிருந்து போன் வரவில்லை.

அந்தப் பதினாறு நாளும் நான் நாற்பது நாற்பது நிமிடமாகப் படித்தேன். இருபத்திரண்டு பாடத்தையும் மூன்று முறை முடித்தேன். நடுவில் எப்போதாவது கீழ் அம்பை அழுத்தும்போது, இதே வரி அவளிடம் எந்த மூலையில் கிடக்கிறதோ என்று தோன்றும். தோன்றினால் வேகமாக அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

தேர்வு திருப்பதியில் நடந்தது. எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. நாம் வாயால் சொல்ல, எழுதிக் கொடுக்க ஆளுக்கொரு கல்லூரிப் பெண். கேள்விகள் பெரும்பாலும் பின்பாதிப் பாடங்களிலிருந்து வந்தன. நான் நிறுத்தாமல் சொன்னேன், எழுதிய பெண் கை வலிக்கிறது என்றாள். முடிந்து வெளியே வந்ததும் அவள் என் குரலைக் கேட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"எனுக்குப் பாதிதான் வந்துச்சுமே," என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. "உனுக்கு?"

"பரவால்ல," என்றேன். எந்தப் பாதி என்று கேட்கவில்லை.

இடம் எனக்குக் கிடைத்தது. போட்டதோ சித்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில், அவள் ஊரிலேயே. என் நைனா தறியை நிறுத்திவிட்டு ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அவள் வீட்டார்தான் எனக்கு வாடகைக்கு அறை பார்த்துக் கொடுத்தார்கள். அவள் அம்மா முதல் மாதம் முழுக்கச் சாப்பாடு அனுப்பினார். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "நம்மள்ல யாருக்கு வந்தா இன்னா," என்றபோது, அவளால் மட்டும் எப்படி இப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்கு எரிந்தது. ஜெயித்தவள் நான். அப்போதும் அவளிடம் ஏதோ ஒன்று கூடுதலாக இருப்பதாகவே பட்டது.

வேலை கிடைத்த வேண்டுதலுக்கு அவள் அம்மா என்னைக் காணிப்பாக்கத்துக்குக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அந்த விநாயகர் முன்னால் நின்று யாரும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். திருட்டு, சொத்துத் தகராறு, புருஷன் பெண்டாட்டி சந்தேகம் எதுவானாலும் குளத்தில் முழுக்குப் போட்டு அங்கே வந்துதான் சத்தியம் வைப்பார்கள். நான் காலேஜில் பரீட்சைப் பேப்பர் இருக்கிறது என்று சொல்லித் தப்பினேன். மூன்று தடவை கூப்பிட்டார், மூன்று தடவையும் பேப்பர் இருந்தது. யாரும் என்னைச் சத்தியம் செய்யச் சொல்லப்போவதில்லை என்று தெரியும். இருந்தும் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் அவளை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். அங்கே கண் தெரியாதவர்களுக்கு ஏதோ படிப்பு, படித்தால் வேலை. விசா வந்த செய்தியை அவள் சொன்னபோது, நல்லா இரு என்று வாயால் சொன்னேன். மனசு, இவள் மட்டும் எங்கே விழுந்தாலும் மெத்தையில் விழுகிறாள் என்றது. நான் வாங்கிய வேலை அன்றைக்குத் திடீரென்று சின்னதாகிப் போயிற்று. சுண்ணாம்பு வாடை அடிக்கும் அறையில் அறுபது பிள்ளைகளுக்குச் சோழர் நில வரி சொல்லிக்கொண்டிருப்பேன், அவள் விமானத்தில் போவாள்.

கிளம்பும் நாள் மதியம் என் அறைக்கு வந்தாள். சென்னைக்குப் போகும் கார் தெருமுனையில் நின்றது. கையிலிருந்த பையை என் மேசை மேல் வைத்தாள்.

"மெஷின்," என்றாள். "அங்க போனா அண்ணன் புதுசு வாங்கித் தரானாம். இத்த நீ வெச்சிக்கோ."

"எனுக்கு இன்னாத்துக்கு?"

"காலேஜுக்கு எட்த்துக்கினு போ. சிலேட்டு டக்கு டக்குன்னு குத்திக்கினு இருந்தா புள்ளைங்க சிரிக்காதா?"

என் தலையை ஒரு தரம் தடவினாள். போனதும் கடிதம் போடுவதாகச் சொன்னாள். கார்க் கதவு மூடியது, நான் வாசலிலேயே நின்றேன். அவள் போய்விட்டாள் என்ற துக்கத்தைவிட, மெஷின் என்னுடையதாகிவிட்டது என்பதுதான் முதலில் உறைத்தது. உள்ளே போய்ப் பையைத் திறந்தேன். ஏழு விசையும் முன்பைவிட வழவழப்பாகத் தேய்ந்திருந்தன.

இயக்கியதும் அதே சளிக் குரல் வணக்கம் சொன்னது. ஃபைல்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெரும்பாலும் அழித்திருந்தாள். நான் ஏற்றிக் கொடுத்த இருபத்திரண்டு பாடம் மட்டும் அப்படியே இருந்தது. அதைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்றால், நான் செய்ததை அவள் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அடுத்த பத்திக்குப் போகச் சொன்னேன். நேராகக் கடைசிக்குப் போய் நிற்கும் என்று காத்திருந்தேன்.

நிற்கவில்லை. 'பாடம் ஒன்று' என்றது.

மறுபடி அழுத்தினேன். முதல் பாடத்தின் முதல் பத்தியைப் படித்தது, அது முடிய வேண்டிய இடத்தில் சரியாக முடிந்தது. மறுபடி அழுத்தினேன். இரண்டாவது பத்தி. தலைப்பு வரும் இடங்களில் இரண்டு எண்டர் இருந்தது. வாக்கியம் வாக்கியமாகக் காதால் கேட்டு, இங்கே பத்தி முடிகிறது என்று தானே முடிவு செய்து, ஒவ்வொன்றாக அழுத்தியிருக்கிறாள். சில இடத்தில் மூலத்தைவிட அவள் பிரித்தது நன்றாக இருந்தது. எனக்கு அந்தக் குறிப்பு மனப்பாடம், அதனால் தெரிந்தது. இரண்டாம் பாடம், மூன்றாம் பாடம். என் விரல் நிற்காமல் அழுத்திக்கொண்டே போயிற்று.

ஐந்தாம் பாடம் போகும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அவள் முதல் எண்டரை அழுத்திவிட்டு, சரியாக நிற்கிறதா என்று அடுத்த பத்திக்கு அழுத்திப் பார்த்திருப்பாள். சரியாக நின்றிருக்கும். அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்திருக்கும், மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு ஃபைலில்தான், ஃபைலைக் கொடுத்தது நான். அன்றைக்கே போன் செய்து கேட்டிருக்கலாம். தேர்வு முடிந்து வெளியே வந்தபோது கேட்டிருக்கலாம். என் அறைக்குப் பாய் வாங்கிக் கொடுத்த அன்று, என்னைக் கட்டிக்கொண்ட அன்று, சற்று முன் இந்த வாசலில் நின்ற போது. இந்த ஃபைலை மட்டும் அழிக்காமல் வைத்து, மெஷினை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எழுந்து வாசலுக்கு ஓடினேன். தெருமுனையில் கார் இருக்காது என்று தெரிந்தும் ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரம்மா, "ஏமிமா, இன்னா ஆச்சு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

மெஷின் நான் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. ஆறாம் பாடம், ஏழு, எட்டு என்று தொடர்ந்து அழுத்தினேன். பத்தாம் பாடத்தில் இரண்டாவது பத்தி வந்தது. அதையும் கேட்டுவிட்டு அடுத்த பத்திக்கு அழுத்தினேன். அதற்கு மேல் அவள் பிரிக்காத பாடங்களையெல்லாம் ஒரே தாவாகத் தாண்டி, ஃபைல் முடிந்தது என்றது.